சத்தம் எங்கிருந்து வருகிறது?

சென்ற இதழில் சிறுசேமிப்புக் குழுக்களில் கணக்கெழுதுவது பற்றி எழுதியிருந்தேன். இம்மாதமும் பணத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், ஆனால் ஒரு காரின் அடியிலிருந்து. கார் இல்லாத சகோதரிகளும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் பிள்ளை பாடசாலைக்குப் போகும் வானின் அடியிலும் அநேகமாக இதே சாமான் இருக்கும்.

எனது களவேலை படுவான்கரையில். காலையில் கல்லடியிலிருந்து புறப்பட்டு ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவேன். 2014இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் வாகனங்கள் கடந்தன. பாலத்துக்கு அப்பால் பிரதான வீதியை விட்டு இறங்கினால் கிறவல் வீதிகள். மாரி மழை முடிந்தபின் அவற்றில் வீதியைவிடக் கிடங்குகளே அதிகம். என்னுடையது மாமாவிடம் தவணைக்கு வாங்கிய பழைய ரொயோட்டா கொரோலா 121. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் என்னைப் போலப் பலரும் பழைய கார்களைத் தேற்றித் தேற்றியே ஓட்டினோம். இன்றும் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

அந்தக் காரின் முன்பக்கத்தில், இடப்புறமாக, ஒரு சத்தம் தொடங்கியது. டொக், டொக் என்று, யாரோ கதவைத் தட்டுவதுபோல. முதலில் டிக்கிக்குள் ஏதோ உருளுகிறது என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் அது கிறவல் வீதி முழுக்கக் கூடவே வரத் தொடங்கியது.

ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அன்று வங்கிக்குப் போக வேண்டியிருந்ததால் தம்பியும் கூட வந்திருந்தான். திருத்துபவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எவ்வளவு காலமாகச் சத்தம் வருகிறது, எந்த வீதியில் வருகிறது, பிரேக் பிடித்தால் வருகிறதா என்றெல்லாம் தம்பியிடம்தான் கேட்டார். தம்பிக்குச் சாரதி அனுமதிப்பத்திரமே இல்லை! அவன் என்னைப் பார்க்க, நான் பதில் சொல்ல, அவர் மீண்டும் அவனைப் பார்த்தே அடுத்த கேள்வியைக் கேட்டார். காரின் அடியில் எவரும் குனியவில்லை. பொனட்டை இரண்டு தடவை கையால் அழுத்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "முன் சொக் ரெண்டும் போச்சு தம்பி. லோவர் ஆமும் மாத்தணும். இல்லாட்டி ஒருநாளைக்குச் சில்லு கழண்டுரும்." சொன்ன தொகை எனது இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

சில்லு கழன்றுவிடும் என்ற சொல்லுக்குப் பிறகு நித்திரை வருமா? அன்றிரவு அம்மாவின் காப்பை அடகு வைப்பதா என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். மற்றப் பெண்களுக்குக் கடன் முகாமைத்துவம் பற்றி வகுப்பெடுப்பவள் நான்.

அவர் காட்டிய பயம் முழுப் பொய்யும் அல்ல. சில்லைத் தாங்கும் கீழ் போல் ஜொயின்ற் தேய்ந்து கழன்றால் சில்லு மடங்கிவிடும், ஓடுகின்ற வாகனத்தில் அது உயிராபத்து. அதனால் சத்தத்தை அலட்சியம் செய்து ஓட்டவும் முடியாது, சொன்னதை நம்பிப் பணத்தைக் கொட்டவும் மனம் இல்லை. எது தேய்ந்திருக்கிறது என்று யாராவது காட்ட வேண்டும்.

சமூகவியல் படித்தபோது எங்களுக்கு முதலில் பழக்கியது அவதானிப்பதும் குறிப்பெடுப்பதும்தான். சரி, மனிதரை அவதானிக்கலாம் என்றால் காரை அவதானித்தால் என்ன? கள நாட்குறிப்பின் பின்பக்கத்தில் மூன்று நாள் எழுதினேன். காபெட் வீதியில் சத்தம் இல்லை. வேகத்தடையில் நேராக ஏறினால் மிகக் குறைவு. இடச்சில்லு மட்டும் கிடங்கில் விழுந்தால் பலத்த சத்தம். இடமும் வலமும் மாறி மாறி ஏறி இறங்கும் கிறவலில், மெதுவாகப் போகும்போது, விடாத சத்தம். நிறுத்திவைத்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் இல்லை. பிரேக் பிடித்தால் மாற்றமில்லை.

அந்தக் குறிப்போடு, எங்கள் அலுவலகச் சாரதி காட்டிய ஒரு முதியவரிடம் போனேன். வீட்டு வளவில், மாமரத்தின் கீழ் வேலை செய்பவர். குறிப்பை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, வரி வரியாக வாசித்தார். "பாதி வேலய நீங்களே முடிச்சிட்டீங்களே மகள்" என்று சிரித்தார். அவருடைய சந்தேகம் ஸ்ரெபிலைசர் லிங்க் மீது. ஸ்வே பார் லிங்க் என்பதும் அதுவே.

அது என்னவென்று அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. காரின் முன்பக்கத்தில், இரண்டு சில்லுகளுக்கும் நடுவே குறுக்காக, லாடம்போல் வளைந்த ஒரு உருக்குக் கம்பி இருக்கிறது. ஸ்டீபன் கோல்மன் என்ற கனடாக்காரர் 1919இல் ஆக்கவுரிமை பெற்ற யோசனையாம் அது (இதை ஐயா சொல்லவில்லை, நான் பிறகு தேடிப் படித்தேன்). வளைவில் திரும்பும்போது கார் ஒரு பக்கம் சாயுமல்லவா? அந்தச் சாய்வை இக்கம்பி முறுகி எதிர்த்து நிற்கிறது. துவைத்த சாறியை இருவர் இரு முனையில் பிடித்துப் பிழிவதை நினைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே பக்கம் திருப்பினால் சாறி முறுகாது, சும்மா சுழலும். எதிரெதிராகத் திருப்பினால்தான் முறுகும். வேகத்தடையில் இரண்டு சில்லும் ஒன்றாக ஏறும்போது கம்பிக்கு வேலையில்லை. ஒரு சில்லு மட்டும் கிடங்கில் இறங்கும்போது அது முறுகுகிறது. எனது குறிப்பில் இருந்த கணக்கு அப்போதுதான் எனக்கே விளங்கியது.

அந்தக் கம்பியின் ஒவ்வொரு முனையையும் சில்லுப் பக்கத்தோடு பிணைப்பதுதான் லிங்க். எனது காரில் அது ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளமுள்ள தடி. மேல்முனை சொக் குழாயோடும் கீழ்முனை கம்பியோடும் பூட்டப்பட்டிருக்கும். இரு முனையிலும் எங்கள் தோள்மூட்டுப் போன்ற குண்டு மூட்டு, உள்ளே கிறீஸ், வெளியே றப்பர் உறை. றப்பர் வெடித்தால் கிறீஸ் போய்விடும், மணலும் தண்ணீரும் உள்ளே புகும், குண்டு தன் கிண்ணத்துக்குள் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தின் ஓசைதான் டொக், டொக். கடற்காற்றும் கிறவல் புழுதியும் ஒன்றாகக் கிடைக்கும் எங்கள் பகுதியில் அது நீண்ட காலம் தாங்கினால்தான் அதிசயம்.

சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை, காட்டினார். கார் நிலத்தில் நின்றபடியே, சில்லுக்குப் பின்னால் கையை விட்டு லிங்கின் மேல் மூட்டை இரண்டு விரலால் பிடிக்கச் சொன்னார். கையாள் பையன் அந்தப் பக்க மட்காட்டை அழுத்தி அழுத்தி விட்டான். என் விரலுக்குள் அந்தச் சத்தம் குதித்தது. இரண்டு மாதமாகக் காதால் கேட்டதைக் கையால் தொட்டேன்! பிறகு முன்பக்கத்தை உயர்த்திச் சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார், அசைவில்லை, ஆகவே போல் ஜொயின்ற் நலம். இடமும் வலமுமாக ஆட்டினார், ரை ரொட் நலம். சொக்கில் எண்ணெய்க் கசிவு இல்லை, அழுத்தி விட்டால் ஒரே தடவையில் நின்றது. "சொக்குக்கு ஒண்டுமில்ல மகள். லிங்க்தான். ரெண்டு பக்கமும் மாத்துங்க, ஒண்டு போனா மத்ததும் பின்னாலேயே போகும்."

என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது. "நானே மாத்தலாமா ஐயா?" என்று கேட்டேன்.

"கை ஊத்தையாகும்."

"மீன் வெட்டுற கைதானே ஐயா."

அவர் மறுக்கவில்லை. போயா விடுமுறையன்று வரச் சொன்னார். முதல்நாள் போய் நட்டுகளுக்கெல்லாம் கறள் இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு வந்தேன். சாமானை நானே வாங்கினேன். காரின் செசி நம்பரை எழுதிக் கொண்டுபோக வேண்டும். 121 என்று மட்டும் சொன்னால் வேறு நீளத்தில் தந்துவிடக்கூடும். புதிய லிங்கின் மூட்டை விரலால் அசைத்தால் இறுக்கமாக, விருப்பமில்லாததுபோல் அசைய வேண்டும், தளதளவென்று ஆடினால் வாங்க வேண்டாம் என்பது ஐயாவின் பாடம். 2022இல் ரூபாய் விழுந்தபின் உதிரிப்பாக விலை ஏறிய கதை உங்களுக்குத் தெரியும். அந்த விலையிலும்கூட இரண்டு லிங்கும் சேர்த்து முதல் கராஜில் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு வரவில்லை.

இனி வேலை. கையை வைக்கும் முன் காரைத் தாங்க வைப்பதில்தான் பாதி நேரம் போனது, போகவும் வேண்டும். கைப்பிரேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தோம். கார் நிலத்தில் இருக்கும்போதே சில்லு நட்டுகளைக் கால் சுற்று இளக்கினேன். வளவு மணல் என்பதால் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை. காரின் ஓரத்தில் ஜக்குக்கென்றே பலப்படுத்திய இடம் உண்டு, அங்கு மட்டுமே வைக்கலாம். உயர்த்தியபின் இரண்டு பக்கமும் தாங்கு குதிரைகளை வைத்துக் காரை அவற்றின்மேல் இறக்கினோம். கழற்றிய சில்லுகளையும் காரின் ஓரத்துக்குக் கீழே தள்ளிவிட்டோம். குதிரை சரிந்தாலும் கார் சில்லில் நிற்கும். ஜக்கை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ உள்ளே விடாதீர்கள். சீமெந்துக் கல்லை முட்டுக்கொடுக்கவும் வேண்டாம், அது சொல்லாமல் வெடிக்கும்.

ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தினால் என்ன என்று கேட்டேன், இரண்டையும் தூக்குவது பெரிய வேலையாகத் தெரிந்ததால். பழையபடி சாறிதான் விடை. ஒரு சில்லு தொங்கி மற்றது நிலத்தில் நின்றால் கம்பி முறுகிய நிலையில் இருக்கும். லிங்க் இழுபட்டு நிற்கும், நட்டைக் கழற்றியதும் துள்ளும், புதியது ஓட்டைக்குள் இறங்கவும் மறுக்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் தொங்கினால் லிங்க் தளர்ந்து கையோடு வரும். ஆட்டம் பார்ப்பதற்கும் இது பொருந்தும், ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிப் பார்த்தால் தேய்ந்த லிங்கும் இறுக்கமானதுபோல் நடிக்கும்.

நட்டில் ஸ்பனரைப் போட்டுத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து குண்டு மூட்டும் சுழன்றது. அதற்காகத்தான் போல்ற்றின் நுனியில் அறுகோணக் குழி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் அலன் கீயைச் செருகி அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் நட்டைக் கழற்ற வேண்டும். குழிக்குள் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. சேலைக்குக் குத்தும் பின்னை எடுத்துக் கிண்டினேன். ஐயா அதைப் பார்த்து, "நாப்பது வருசமா எனக்கு இந்த யோசன வரல்ல" என்றார். சேறு போகாமல் அலன் கீயைச் செருகினால் அது ஆழமாக இறங்காது, பலத்தைக் கொடுத்ததும் வழுக்கிக் குழியை உருட்டிவிடும்.

இடப்பக்கம் சுகமாக வந்தது. வலப்பக்க மேல் நட்டு என்னைப் பழிவாங்கியது. அவசரப்பட்டேன். குழி உருண்டுவிட்டது, போல்ற் சும்மா சுழன்றது. ஐயா திட்டவில்லை. பிளேன்ரீ குடிக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடி மாட்டி, பக்கத்தில் போகும் பிரேக் குழாயை ஈரச் சாக்கால் மூடிவிட்டு, கிறைண்டரால் நட்டை வெட்டி எடுத்தார். அந்த வேலையை நான் கேட்கவில்லை. தீப்பொறி பறந்தபோது நான் மாமரத்துக்குப் பின்னால் நின்றேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

கழற்றிய பழையதைப் புதியதோடு பக்கத்தில் வைத்து நீளமும் முனைகள் பார்க்கும் திசையும் சரியா என்று பார்த்தோம். பழையது சாகக் கிடக்கும் கோழியின் கழுத்துப்போல் தொங்கியது. புதியதைப் பொருத்தி, நட்டுகளை முதலில் விரலாலேயே ஏற்றினேன். விரலால் ஏறாத நட்டை ஸ்பனரால் ஏற்றினால் புரி அழியும். லிங்கோடு வந்த புதிய நட்டுகளையே போட வேண்டும், அவை தாமாக இளகாதபடி செய்யப்பட்டவை. றப்பர் உறை முறுகாமல் இருக்கிறதா என்று பார்த்து, அளவு காட்டும் டோர்க் ஸ்பனரால் இறுக்கினேன். எனது காருக்கு லிங்க் நட்டு 74 நியூட்டன் மீற்றர். சில்லு நட்டுகள் 103, அவற்றை எதிரெதிராக மாற்றி மாற்றி, கார் நிலத்தில் இறங்கியபின் முழுதாக இறுக்க வேண்டும். உங்கள் வாகனத்துக்கு அளவு வேறாக இருக்கலாம், அதன் புத்தகத்தைப் பாருங்கள். லிங்க் மாற்றியதற்காகச் சில்லு நேர்ப்படுத்தும் வேலைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. லிங்க் சில்லின் கோணத்தைத் தொடுவதில்லை.

எனக்கு மூன்று மணித்தியாலம் பிடித்தது. பையன் தனியாகச் செய்தால் முக்கால் மணித்தியாலமாம். தாழங்குடாப் பக்கம் கிடங்கு பார்த்துக் கிடங்கு பார்த்து ஓட்டினேன். சத்தம் இல்லை. டிக்கிக்குள் தண்ணீர்ப் போத்தல் உருளும் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் உண்மையாகவே இருந்திருக்கிறது.

இதை எழுதுவது மெக்கானிக்குகளைத் திட்டுவதற்கல்ல. ஒருவர் ஏமாற்றினார், ஒருவர் கற்றுத் தந்தார், இருவரும் ஒரே தொழில்தான். எனக்கு உறுத்துவது வேறு. பல்கலைக்கழகத்தில் ஆன் ஓக்லி 1974இல் வீட்டு வேலையைப் பற்றி எழுதிய நூலைப் படித்து, பால்நிலை வேலைப்பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதினேன். ஆனால் எட்டு வருடமாக ஓட்டும் காரின் சில்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. தம்பியைக் கேட்ட அந்த மனிதரைக் குறை சொல்கிறேன். அவர் தம்பியைக் கேட்டபோது, "ஓட்டுறது நான்தான், என்னக் கேளுங்க" என்று நானும் சொல்லவில்லையே.

எல்லோரும் ஸ்பனர் தூக்க வேண்டும் என்பதில்லை. கராஜுக்குப் போகும் முன் சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று எழுதிக்கொண்டு போங்கள். எந்த மூட்டு ஆடுகிறதென்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் வாகனத்தை விடாதீர்கள். மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள், அது உங்களுடைய சொத்து. சில்லு மேலும் கீழுமாக ஆடுகிறதென்று கண்டால் அதற்குமேல் ஓட்ட வேண்டாம். லிங்க் தேய்ந்தால் அப்படி உடனடி ஆபத்து இல்லை, ஆனால் வளைவில் வாகனம் அதிகம் சாயும். பிள்ளைகளை நிறைய ஏற்றிய உயரமான வானுக்கு அது நல்லதல்ல.

எனது பழைய லிங்க் இரண்டும் இப்போது கைப்பையில் கிடக்கின்றன. சென்ற கிழமை கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் மாதர் சங்கக் கூட்டம். வரவு செலவு கதைத்து முடிந்தபின் ஒன்றை எடுத்துக் கையிலிருந்து கைக்கு விட்டேன். ஒவ்வொருவரும் மூட்டை ஆட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்தவர், கணவர் இறந்தபின் அவருடைய பாடசாலை வானைத் தானே ஓட்டி மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர், அதைத் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"மிஸ், பெரிய பொடியனத்தான் கராஜுக்கு அனுப்புறன். அவனுக்குப் பதினஞ்சு வயசு. முன்பக்கம் முழுக்க மாத்தணும் எண்டு சொல்லி விட்டிருக்காங்க. தோட்ட அடகு வைக்கத்தான் இண்டைக்குக் கேக்க வந்த நான்."

தோடு இன்னும் காதில் இருந்தது. வான் வெளியே வேம்பின் கீழ் நின்றது. கூட்டம் நடந்த பாயில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனோம். இருவர் வானின் முன்பக்கத்தை அழுத்தி அழுத்தி விட, அவர் பாயில் சரிந்து சில்லுக்குப் பின்னால் கையை விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னொருக்கா அமத்துங்க" என்றார் உள்ளேயிருந்து.